பதினான்கு கூட்டும் மெஷின்களும் ஒரு பொய்யும்

கண்ணு, நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுதுகிற மனநிலையில் நான் இல்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். கல்யாண மாப்பிள்ளைக்கு என்ன குறை? உன் பத்திரிகைக்கு அட்டை பார்க்க சேலத்துக்குப் போய், உன் மாமா வீட்டில் இரண்டு நாள் தங்கி, கடை கடையாக ஏறி இறங்கி, பஸ்ஸில் அத்தனை கொண்டை ஊசி வளைவிலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மலைமேல் நம் ஊட்டுக்கு வந்து சேர்ந்தேன். பையைக்கூடக் கீழே வைக்காமல் வழக்கம்போலப் பக்கத்து அறைக் கதவைத் திறந்தேன். உள்ளே பினாயில் வாசம். என் பதினான்கு மெஷின்களும் இருந்த இடத்தில் ஒரு கட்டில், அதன்மேல் மயில் படம் போட்ட போர்வை. ஃபோனைப் பார்த்தால் “சர்ப்ரைஸ்மா, ரூமை கிளியர் பண்ணிட்டேன்” என்று ஒரு வரி, கூடவே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம். அட சாமி! அந்தக் கட்டைவிரலைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்தில் ஃபோனைக் கட்டில்மேல் எறிந்தேன். கட்டில் மெத்தென்று இருந்ததால் ஃபோன் பிழைத்தது.

ஃபோனிலேயே திட்டியிருக்கலாம். ஆனால் நீ எப்போது எடுத்தாலும் “மீட்டிங்ல இருக்கேங்கம்மா” என்பாய். மீட்டிங் இல்லாதபோது “சரிங்கம்மா, சரிங்கம்மா” என்று நான் சொல்வதற்கு முன்பே சரி போடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தை நடுவில் கட் செய்ய முடியாது. முழுக்கப் படி. புதன்கிழமை காலையில் நீ பெங்களூரிலிருந்து வந்து இறங்குவதற்குள் படித்து முடித்திருக்க வேண்டும்.

முதலில் உன் அப்பாவைப் பிடித்தேன். மனிதர் ஜீப்புக்கு அடியில் படுத்து எதையோ முறுக்கிக்கொண்டிருந்தார். நான் வந்தது தெரிந்தும் வெளியே வரவில்லை. “ஏனுங்க, என்ற மெஷினெல்லாம் எங்கீங்க?” என்றேன். கால் மட்டும் ஆடியது. “மஞ்சக்குட்டை ரோட்டுல, பையனோட கூட்டாளி பிரவீன் ரிசார்ட்டுல இருக்குது புள்ள. நீ இல்லாதப்ப பையன் வந்தான், கல்யாண ஊட்டுக்கு இடம் வேணும்னான். நானுந்தான் ஏத்திக் குடுத்தேன்.” ஏற்றிக் கொடுத்தாராம்! “ஏத்தும்போது உங்களுக்கு வாய் இல்லீங்களா? ஒரு ஃபோன் போட விரல் இல்லீங்களா?” என்று கத்தினேன். “ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன பண்றது, நீயே சொல்லு” என்று ஜீப்புக்கு அடியிலிருந்து பதில் வந்தது. முப்பது வருடமாக அந்த மனிதர் ஒளிந்துகொள்ள அந்த ஜீப்தான் இடம்.

உனக்கு அது குப்பை. தெரியும். “பழைய வேக்வம் கிளீனரைச் சேர்த்து வைக்கிற அம்மா இந்த உலகத்துலயே நீங்க ஒருத்தர்தாங்க” என்று சின்ன வயதிலிருந்தே கேலி செய்வாய். ஹோட்டலில் எங்களுக்கு அது வெறும் ‘மெஷின்’. ஏரிப்பக்கத்து ஹோட்டலில் இருபத்தாறு வருடம் அறை அறையாகச் சுத்தம் செய்திருக்கிறேன். அதில் ஒன்பது வருடம் ஒரே ஒரு பச்சை மெஷின் என் கையில் இருந்தது. சத்தம் கொஞ்சம் கம்மினால் பை நிறைந்துவிட்டது, சத்தம் கிறீச்சிட்டால் யாரோ விட்டுப்போன காலுறையை விழுங்கிவிட்டது. பார்க்காமலே சொல்வேன். புது மெஷின்கள் வந்ததும் அதை ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பின்னால் மழையில் வீசிவிட்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி, உன் அப்பா வாடகைக்கு ஆள் ஏற்றி ஓட்டும் ஜீப்பில் பின் சீட்டில் ஏற்றினேன். கூட ஏறிய மஞ்சக்குட்டைக்காரர்கள் “பால் கேனுங்களா அம்மிணி?” என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். தூசி உறிஞ்சும் மெஷினை ஊட்டுக்கு எடுத்துப் போகிறேன் என்றால் யார் நம்புவார்கள்?

அப்படி ஆரம்பித்தது. மலைமேல் பழைய எஸ்டேட் பங்களாக்கள் ஒவ்வொன்றாகக் கைமாறும்போது தட்டுமுட்டுச் சாமான்களோடு மெஷின்களும் வெளியே வரும். யார் காதிலோ விழுந்து, யாரோ சொல்லி, எனக்குத் தகவல் வரும். மஞ்சக்குட்டைக்கு அந்தப்பக்கம் ஒரு பங்களாவில் கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டர் என்னை உள்ளே கூப்பிட்டு, மாடிப்படிக்கு அடியில் கோணிச்சாக்கு மூடிக் கிடந்த ஒன்றைக் காட்டினார். “இத எடுத்துட்டுப் போயி என்னங்க பண்ணப் போறீங்க? காப்பிச் செடிக்கு மருந்தடிக்கிறதுங்களா?” என்று அவர் சிரிக்க, நான் சாக்கை விலக்கினேன். கறுத்த நீள உருளை. சக்கரம் கிடையாது, இரண்டு சறுக்குக் கட்டையில் நின்றது. வயரின்மேல் துணி சுற்றியிருந்தது. முன்பக்கம் உறிஞ்சும் வாய், பின்பக்கம் காற்று ஊதும் வாய். அதைத்தான் நான் ‘பங்களாக்காரன்’ என்று கூப்பிடுவேன். உனக்கு நினைவிருக்கும். நீ அதன்மேல் குதிரை ஏறி உட்கார்ந்து அறை முழுக்கச் சறுக்கியிருக்கிறாய்.

ஒரு மெஷினுக்கு வயது சொல்வது லேசுப்பட்ட வேலை இல்லை கண்ணு. சறுக்குக் கட்டையா சக்கரமா, உள்ளே பை துணியா காகிதமா, கைப்பிடி கறுப்பு பேக்லைட்டா பிளாஸ்டிக்கா, குழாய் திருகி மாட்டுவதா அழுத்தி மாட்டுவதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இதெல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஒரு கணக்குக் கொடுக்கும். ஆனால் உறுதியாகச் சொல்ல, உடம்பில் திருகியிருக்கும் சின்னத் தகடு வேண்டும். செய்த கம்பெனி, வரிசை எண், எத்தனை வோல்ட் எல்லாம் அதில் இருக்கும். அதுதான் மெஷினின் ஜாதகம். பதிமூன்று மெஷினுக்கு ஜாதகம் இருந்தது. பங்களாக்காரனுக்கு மட்டும் இல்லை. தகடு இருந்தது, எழுத்து இல்லை. ஏன் இல்லை என்று உனக்கு ஒரு கதை தெரியும். அந்தக் கதை பொய். அதற்கு வருகிறேன், கொஞ்சம் பொறு.

மறுநாள் காலையில் உன் அப்பாவை ஜீப்பை எடுக்கச் சொல்லி ரிசார்ட்டுக்குப் போனேன். வாசலிலேயே என் பச்சை மெஷின் நின்றது. பச்சையா? தங்கக் கலர்! ஸ்ப்ரே பெயிண்ட். துணிப்பையின் வாயைக் கிழித்து உள்ளே மண் போட்டு மணி பிளான்ட் வைத்திருந்தார்கள். ஒன்பது வருடம் என் கையோடு நடந்த மெஷின், கொடி தொங்கவிட்டுக்கொண்டு நின்றது. யாரோ டூரிஸ்ட் பிள்ளைகள் அதைக் கட்டிப்பிடித்து செல்ஃபி எடுத்தார்கள். பிரவீன் ஓடி வந்தான். “வாங்க ஆன்ட்டி! எப்படிங்க இருக்குது? கெஸ்ட்டெல்லாம் நொம்ப லைக் பண்றாங்க” என்றான். “தகடெல்லாம் எங்க சாமி?” என்றேன். “அதுங்களா? பெயிண்டு ஒட்டலீங்க. கழட்டிப் போட்டுட்டோம்.” பின்கட்டில் ஒரு காலி பெயிண்ட் டப்பாவுக்குள் பதிமூன்று தகடுகளும் திருகாணிகளோடு கிடந்தன. எது எந்த மெஷினுடையது என்று இனி நான் உட்கார்ந்து ஜோடி சேர்க்க வேண்டும். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பின்கட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உனக்குத் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்: அழுதேன்.

பிரவீன் நல்ல பையன். பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். பயத்தில் உண்மையும் வந்தது. “கோவிச்சுக்காதீங்க ஆன்ட்டி. எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. பொண்ணு ஊட்டுல புதன்கிழமை வர்றாங்க, அதுக்குள்ள எடுத்தாகணும்னு அவன்தான் நின்னான். அம்மா ஹோட்டல்ல மேனேஜரா இருந்தாங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன், ஊட்டுல இத்தன கூட்டற மெஷின் எதுக்குன்னு கேட்டா என்ன சொல்றதுன்னான்.” சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவனுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான். உன் அப்பா வானத்தைப் பார்த்தார்.

இடம் வேண்டும் என்று எடுத்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன். அழகுக்கு என்று எடுத்திருந்தால் ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பேன். என்னை மறைக்க எடுத்தாய் பார், அது எனக்கு வலித்தது சாமி. நொம்ப வலித்தது. நித்யா இந்த ஊட்டுக்கு வரப்போகிற பெண். அவள் அப்பா அம்மா நாளைக்கு எனக்குச் சம்பந்தி. நான் மற்றவர்களின் படுக்கையை உதறி, கழிவறை கழுவி, விரிப்புக் கூட்டி உன்னைப் படிக்க வைத்தவள் என்று அவர்களுக்குத் தெரியக் கூடாது. அதற்காக நான் சேலத்தில் உன் பத்திரிகைக்குத் தங்க எழுத்தா வெள்ளி எழுத்தா என்று பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நீ என் இருபத்தாறு வருடத்தை ஜீப்பில் ஏற்றி அனுப்பியிருக்கிறாய்.

திரும்பி வரும் வழியெல்லாம் உன்னை என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தேன். ஒண்டிக்கடை முக்கு வந்தபோது அடுக்குவது நின்றுவிட்டது. அங்கே இருந்து பார்த்தால் உன் பள்ளிக்கூடத்துக்குப் போகிற ரோடு தெரியும். அந்தப் பள்ளிக்கூடத்து விண்ணப்பத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் ‘ஹோட்டல் மேனேஜர்’ என்று எழுதியது யார்? நான்தான். அப்படி எழுதினால்தான் இடம் கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை. பேனாவைப் பிடித்தேன், கை தானாக எழுதியது. பெற்றோர் கூட்டத்துக்கு வரும்போது பஸ் ஸ்டாண்டு கழிவறையில் யூனிஃபார்மைக் கழற்றிவிட்டுப் பட்டுச்சேலை கட்டி வந்தேன். நீ ஐந்தாவது படிக்கும்போது உங்கள் மிஸ் என் முன்னாலேயே “உங்க அம்மா என்ன பண்றாங்க?” என்று கேட்டார். நீ குஷியாக “எங்கம்மா ரூம் கூட்டுவாங்க மிஸ், பெரிய மெஷின் வெச்சிருக்காங்க” என்றாய். கையை இரண்டு பக்கமும் விரித்து எவ்வளவு பெரிய மெஷின் என்று காட்டினாய். நான் என்ன செய்தேன்? சிரித்துக்கொண்டே உன் கையில் கிள்ளினேன். வெளியே வந்து, “மேனேஜர்னு சொல்லோணும், புரியுதா?” என்றேன். கிள்ளின இடம் சிவந்திருந்தது. அதற்குப் பிறகு நீ ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை. அம்மா பேச்சைக் கேட்கிற பிள்ளை. உன்னைத் திட்டச் சேர்த்து வைத்ததில் பாதி எனக்கே திரும்பி வந்துவிட்டது. மீதிப் பாதி உனக்குத்தான், அதை விடுவதாக இல்லை. அப்போது உனக்குப் பத்து வயது. இப்போது இருபத்தொன்பது.

இனி அந்தத் தகட்டுக் கதை. நீ எட்டாவது படிக்கும்போது நான் மெஷின்களுக்கு நோட்டுப் போட ஆரம்பித்தேன். ஒவ்வொன்றின் தகட்டையும் பார்த்து எழுதிக்கொண்டே வந்து பங்களாக்காரனிடம் வந்தால், தகடு கண்ணாடி மாதிரி இருந்தது, ஓர் எழுத்து இல்லை. உன் காம்பஸ் பக்கத்தில் கிடந்தது. நீதான் சுரண்டிவிட்டாய் என்று முடிவு கட்டி முதுகில் நான்கு வைத்தேன். “நான் இல்லீங்கம்மா, சத்தியமா நான் இல்லீங்கம்மா” என்று அன்று சாப்பிடாமல் படுத்துவிட்டாய். அடுத்த ஆயுத பூஜைக்கு முந்தின நாள், எனக்குக் கல்யாணச் சீராக வந்த பித்தளைக் குடத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். அதன் கழுத்தில் என் பேர் வெட்டியிருந்தது. தடவிப் பார்த்தேன், பாதி எழுத்தைக் காணோம். வருடா வருடம் புளி போட்டு, சாம்பல் போட்டு, அழுத்தி அழுத்தித் தேய்த்துப் பேரையே தேய்த்துவிட்டேன். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆயுத பூஜைக்கு உன் அப்பா ஜீப்பைக் கழுவுவார், நான் மெஷின்களைத் துடைப்பேன். மற்றவற்றின் தகடெல்லாம் அலுமினியம், துடைத்ததோடு சரி. பங்களாக்காரனுக்கு மட்டும் பித்தளை. பளபளவென்று இருக்கட்டும், சந்தனப் பொட்டு எடுப்பாகத் தெரியட்டும் என்று குடத்துக்குப் போட்ட அதே புளியை அதற்கும் போட்டேன். சுரண்டியது நீ இல்லை கண்ணு. நான்தான். அன்றே உன்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீ என்னை மதிக்கமாட்டாய் என்று விட்டுவிட்டேன். பதினாறு வருடம் அந்த அடியை உன் கணக்கிலேயே வைத்திருந்தேன். மன்னித்துக்கொள்.

நல்லவேளை, தகட்டில் எழுத்து போன அந்த மெஷினுக்குத்தான் பெயிண்டும் பூசவில்லை. “பேரில்லாததுதானேங்க, கடைசில பாத்துக்கலாம்னு விட்டோம்” என்றான் பிரவீன். அதை மட்டும் உடனே ஜீப்பில் ஏற்றிக் கொண்டுவந்தேன். மற்ற பதிமூன்றையும் இந்த வாரமே திருப்பி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான். தங்கக் கலரைச் சுரண்டுவது உன் வேலை, லீவு போட்டுவிட்டு வா. அவர்கள் தூக்கிப் போட்டதில் பங்களாக்காரனின் பின்மூடி நசுங்கியிருந்தது. அதை நிமிர்த்தக் கழற்றினேன். இத்தனை வருடத்தில் அந்த மூடியை நான் கழற்றியதே இல்லை, துரு பிடித்து இறுகிக் கிடந்தது. உன் அப்பா ஜீப்புக்கு ஊற்றும் எண்ணெயை விட்டு, ஒரு மணி நேரம் மல்லாடித் திறந்தார். மூடியின் உள்பக்கத்தில் வரிசை எண் குத்தியிருந்தது. புளி போகாத இடம். டார்ச் அடித்துப் படம் எடுத்து, ஃபோனில் இருக்கும் பழைய மெஷின்காரர்கள் குழுவில் போட்டேன். என்னைப் போன்ற பைத்தியங்கள் உலகமெல்லாம் இருக்கிறார்கள், தெரிந்துகொள். சாயங்காலத்துக்குள் பதில் வந்துவிட்டது. இங்கிலாந்தில் செய்தது, சுதந்திரத்துக்கு முந்தையது. செய்த கம்பெனியின் பேரை இங்கே எழுதினால் உனக்கு ஒன்றும் புரியாது, நோட்டில் எழுதிவிட்டேன். உன் அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு, “பேரு கெடச்சிருச்சா புள்ள?” என்று கேட்டார். கிடைத்துவிட்டதுங்க என்றேன். மனிதர் போய் இரண்டு டம்ளர் காப்பி போட்டுக் கொண்டுவந்தார். கேட்காமல் காப்பி போட்டது அதுதான் முதல் தடவை.

நித்யாவிடம் நீ என்னென்ன சொல்லி வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம். ஒன்று மட்டும் சொல்கிறேன். நான் ஒரு வரி பொய் எழுதினேன். அதைக் காப்பாற்ற பஸ் ஸ்டாண்டில் சேலை மாற்ற வேண்டியிருந்தது, பெற்ற பிள்ளையைக் கிள்ள வேண்டியிருந்தது. இப்போது நீ அதற்காக ஊட்டையே காலி செய்கிறாய். நாளைக்கு உன் பிள்ளையைக் கிள்ளுவாய். போதும், இதோடு நிறுத்திக்கொள்வோம்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு அவர்கள் வருகிறார்கள். நான் முடிவு செய்துவிட்டேன், நீ சண்டை போட்டாலும் மாறாது. நடு ஊட்டில் பெரிய விரிப்பை விரித்து வைப்பேன், பங்களாக்காரன் அதன்மேல் நிற்பான். சம்பந்தி வந்து உட்கார்ந்ததும், இது என்ன என்று கேட்பார். நான் இந்த மாதிரி மெஷினைப் பிடித்துத்தான் இருபத்தாறு வருடம் ஹோட்டலில் அறை கூட்டினேன் என்று சொல்வேன். சொல்வதோடு நிறுத்தாமல் கூட்டியும் காட்டுவேன். ஹோட்டலில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. தூரத்து மூலையில் ஆரம்பித்து, பின்னாலேயே நடந்து நடந்து வாசலுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டுப் போய்விட வேண்டும். விரிப்பில் எங்கள் காலடித் தடம்கூட இருக்கக் கூடாது, யாரோ வந்து போனதே விருந்தாளிக்குத் தெரியக் கூடாது. புதன்கிழமை நான் வாசலில் ஆரம்பித்து உள்ளே வரப்போகிறேன். தடம் இருக்கட்டும்.

வயரை உன் அப்பா புதிதாக மாற்றிக் கொடுத்துவிட்டார், மோட்டார் ஓடுகிறது, போட்டுப் பார்த்தாயிற்று. ஆனால் மெஷினில் இருக்கும் சுவிட்ச் எப்போதோ செத்துவிட்டது. சுவரில் போட்டால்தான் ஓடும். அந்தச் சுவர் சுவிட்ச் வாசல் கதவை ஒட்டி இருக்கிறது. நான் இரண்டு கையாலும் குழாயைப் பிடித்திருப்பேன், கையை எடுக்கமாட்டேன். உன் அப்பா போடமாட்டார், அவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். வந்தவர்களை வரவேற்று நீ அங்கேதான் நிற்பாய். நான் உன்னைத் திரும்பிப் பார்க்கமாட்டேன், கிள்ளவும் மாட்டேன். குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நீ போடுகிற வரைக்கும் நிற்பேன்.

உன் அம்மா,
ஹோட்டலில் அறை கூட்டியவள்.